அரசுப் பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி படிக்கலாமா? பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பெங்களூரில் நிலத்தடி நீர், கட்டட அடித்தள ஆய்வு சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். பி.யூ.சி. (பிளஸ் டூ) ரிசல்ட் வந்த கையோடு அல்சூர், ஸ்ரீராமபுரம், கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) பக்கத்திலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று போன் வர ஆரம்பித்துவிடும். பிள்ளைக்கு ஜியாலஜி (நிலவியல்) கிடைக்கிறது, சேர்க்கலாமா என்று கேட்பார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் கட்டணத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்குள் அந்த வித்தியாசம் பெரும்பாலும் சின்னது. எங்கே தங்கிப் படிக்கிறார்கள், எத்தனை நாள் களத்துக்குக் கூட்டிப்போகிறார்கள், எம்.எஸ்ஸி. எங்கே முடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் கையை விட்டுப் போகும் பணமும் கடைசியில் கிடைக்கும் வேலையும் அமைகின்றன.

ஜியாலஜி படிச்சா என்ன வேலைங்க? கல்லைப் பார்த்துக்கிட்டே இருக்கிறதா?

கல்லைப் பார்ப்பதுதான் வேலை. ஆனால் அந்தக் கல்லுக்குள் தண்ணீர் இருக்கிறதா, தாது இருக்கிறதா, அதன் மேல் கட்டடம் நிற்குமா, அதைக் குடைந்தால் இடியுமா என்று சொல்ல வேண்டும். நம்ம மெட்ரோவில் டெய்ரி சர்க்கிளிலிருந்து நாகவாரா வரை சுமார் 14 கிலோமீட்டர் பாதாள வழி. அதைத் தோண்டும் முன் பாறையைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

புதிதாகச் சேரும் பையனோ பெண்ணோ முதலில் செய்யும் வேலை ஒன்றைச் சொல்கிறேன். துளை போட்டு எடுத்த பாறைத் துண்டுகளை நீளமான பெட்டியில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். கோர் பாக்ஸ் என்போம். 1.5 மீட்டர் துளையில் வந்த துண்டுகளில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாதவற்றை மட்டும் அளந்து கூட்ட வேண்டும். கூட்டினால் 90 சென்டிமீட்டர் வருகிறது என்றால் அந்தப் பாறையின் ஆர்.க்யூ.டி., அதாவது பாறைத் தர அளவு, 60 சதவீதம். துளையிடும்போது உடைந்ததா, இயற்கையாகவே விரிசல் இருந்ததா என்று ஒவ்வொரு முறிவையும் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். இயற்கை விரிசல் என்றால் முகம் துருப்பிடித்த நிறத்தில் இருக்கும், களிமண் ஒட்டியிருக்கும். இதில் தப்பு செய்தால் அடித்தளக் கணக்கே மாறிப்போகும்.

பி.யூ.சி.ல கணக்கு எடுக்கல, பயாலஜிதான். சேர முடியுமா?

அறிவியல் பிரிவில் படித்திருந்தால் பெரும்பாலான இடங்களில் பி.எஸ்ஸி. சேரலாம். காமர்ஸ், ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு இந்தக் கதவு அநேகமாகத் திறக்காது. கணக்கே வேண்டாம் என்று ஓடி வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: நிலத்தடி நீர் ஓட்டம், ஜியோபிசிக்ஸ் (புவி இயற்பியல்) எல்லாம் கணக்கில்தான் வந்து நிற்கும். பி.எஸ்ஸி.யில் கூடவே எந்தப் பாடம் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஏன் என்பது ஐ.ஐ.டி. கேள்வியில் வருகிறது.

பி.எஸ்ஸி. மூணு வருஷம் முடிச்சா போதாதா?

போதாது. இதைத்தான் சேரும்போது யாரும் சொல்வதில்லை. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையான ஜி.எஸ்.ஐ.யில் ஜியாலஜிஸ்ட் ஆக எம்.எஸ்ஸி. வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் விஞ்ஞானி ஆகவும் அதே. சுரங்கத் திட்ட அறிக்கை தயாரிக்கிற தகுதிக்கு, மைனிங் இன்ஜினீயரிங் பட்டம் இல்லாதவர்களிடம் ஜியாலஜியில் முதுகலையும் ஐந்து வருட அனுபவமும் கேட்கிறார்கள்.

பி.எஸ்ஸி.யோடு நிறுத்தினால் களத்தில் உதவியாளர் வேலை, கோர் பதிவு, வரைபட டேட்டா வேலை இந்த மாதிரி கிடைக்கும். குறைவாகச் சொல்லவில்லை, பலர் அங்கிருந்துதான் மேலே வந்தார்கள். ஆனால் வீட்டில் செலவுக் கணக்குப் போடும்போது ஐந்து வருடத்துக்குப் போடுங்கள்.

சரி, அஞ்சு வருஷத்துக்கு மொத்தமா எவ்வளவு ஆகும்?

கட்டணம் வருடா வருடம் மாறும், பிரிவுக்குப் பிரிவு மாறும். சேரும் வருடத்தின் ப்ராஸ்பெக்டஸை எடுத்துப் பாருங்கள். கணக்குப் போடும் விதத்தை மட்டும் சொல்கிறேன், எண்கள் உதாரணத்துக்கு. ஸ்ரீராமபுரத்தில் வீடு, பெங்களூரிலேயே படிப்பு, வருடக் கட்டணம் 20,000. இன்னொரு பிள்ளைக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் 10,000தான், ஆனால் விடுதியும் சாப்பாடும் மாதம் 5,000. பத்து மாதத்துக்கு 50,000. கட்டணத்தில் 10,000 மிச்சம் பிடித்தவர் மொத்தத்தில் 40,000 கூடுதலாகச் செலவழிக்கிறார். அதற்கு மேல் ஊருக்கு வந்துபோகும் செலவு.

அதனால் வெளியூர் போகவே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போனால் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று பார்த்துப் போங்கள். என்னைக் கேட்டால் பி.எஸ்ஸி.யை வீட்டிலிருந்து படித்துவிட்டு, அந்த மிச்சத்தை எம்.எஸ்ஸி.க்கு வைத்திருப்பது நல்லது.

பேமென்ட் சீட்டுன்னு சொல்றாங்களே, அது பிரைவேட் காலேஜா?

இல்லை. அதே அரசுப் பல்கலைக்கழகம், அதே வகுப்பு, அதே பட்டம். மெரிட்டில் இடம் தீர்ந்த பிறகு கூடுதல் கட்டணத்துக்குத் தருகிற இடங்கள் அவை. கர்நாடகத்துப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்கு இந்த வழக்கம் உண்டு. வேறு பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. முடித்தவர், வேறு மாநிலத்தவர் என்றாலும் இடமும் கட்டணமும் தனிக்கணக்காக இருக்கலாம். விண்ணப்பத்தில் நீங்கள் எந்தப் பிரிவில் வருகிறீர்கள் என்று துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். பேமென்ட் இடத்தில் சேர்ந்தால் உதவித்தொகை கிடைக்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

பீல்ட் ட்ரிப்புக்குத் தனியா காசு வாங்குறாங்க அண்ணா. போகாம இருந்தா ஆகாதா?

தயவுசெய்து போகாமல் இருக்காதீர்கள். இந்தப் படிப்பில் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம். நேர்முகத் தேர்வில் முதலில் விழுகிற கேள்வியே எங்கே களப்பணி செய்தீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள் என்பதுதான். ஒரு பாறை அடுக்கு எந்தத் திசையில் எத்தனை டிகிரி சாய்கிறது என்று வெயிலில் நின்று காம்பஸ் வைத்து அளக்காதவர், படத்தை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் தடுமாறிவிடுவார். சுத்தியல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கிளைனோமீட்டர் காம்பஸ் இவை தேவைப்படும். வெளிநாட்டுக் காம்பஸ் விலை கூடுதல், மாணவர்கள் அதை வாங்க வேண்டியதில்லை. நல்ல துறையாக இருந்தால் காம்பஸைத் துறையே கையில் தரும்.

இடத்துக்கு நமக்குக் குறைவே கிடையாது. லால்பாக்கில் எல்லாரும் ஏறி நின்று போட்டோ எடுக்கிற பாறை சுமார் 300 கோடி வருடப் பழமையானது, தேசிய நிலவியல் சின்னம். ராமநகர மலைகள் குளோஸ்பெட் கிரானைட். சித்ரதுர்கா பக்கம் மரடிஹள்ளியில், கடலடியில் பீறிட்ட எரிமலைக் குழம்பு தலையணை தலையணையாக உறைந்து நிற்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் போனால் அரியலூரில் கிரிடேஷியஸ் காலத்துக் கடல் புதைபடிவங்கள், சேலத்தில் மேக்னசைட். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ சந்திரயானுக்காக நிலா மண் போன்ற மண்ணைத் தயாரித்தது.

எனவே துறையில் போய்க் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை நாள் களப்பயணம்? வரைபடம் போடும் முகாம் உண்டா, இல்லை பஸ்ஸில் உட்கார்ந்து சுற்றிக்காட்டுவதோடு சரியா? பாறையை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் தின் செக்ஷனைத் துறையிலேயே செய்கிறார்களா? ஒரு மைக்ராஸ்கோப்புக்கு எத்தனை மாணவர்கள்? கட்டணத்தில் 5,000 குறைகிறது என்பதை விட இந்தப் பதில்களுக்கு மதிப்பு அதிகம்.

பெங்களூர் யூனிவர்சிட்டியா, இல்ல தமிழ்நாட்டுப் பக்கம் அனுப்பலாமா?

பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் ஜியாலஜி துறை ஞானபாரதி வளாகத்தில் இருக்கிறது. வீடு பெங்களூர் என்றால் செலவுக் கணக்கில் இதை அடிப்பது கஷ்டம். கர்நாடகத்தில் மைசூர், தார்வாட், மங்களூர், குவெம்பு பல்கலைக்கழகங்களிலும் துறை உண்டு. மங்களூரில் கடல்சார் ஜியாலஜி பக்கம் சாய்வு அதிகம்.

தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், அண்ணா பல்கலைக்கழகம், அண்ணாமலை, சேலம் பெரியார் பல்கலைக்கழகம் எல்லாம் உண்டு. சொந்த ஊர் சேலம், கிருஷ்ணகிரி பக்கம் என்றால், பாட்டி வீட்டில் தங்கிப் பெரியார் பல்கலைக்கழகத்தில் படிப்பது மேலே சொன்ன கணக்கில் நன்றாகவே ஒத்துவரும். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம், எம்.எஸ்ஸி.க்கு சி.யூ.இ.டி. முதுகலைத் தேர்வு வழியே சேர்க்கை. எந்த மாநிலத்துப் பிள்ளையும் ஒரே தேர்வில் போட்டி போடலாம் என்பதால் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்கிற நம் குடும்பங்களுக்கு இது நல்ல வழி.

எங்க சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டுது. இங்க ரிசர்வேஷன் கிடைக்குமா?

கர்நாடக மாநில ஒதுக்கீட்டுக்குக் கர்நாடக அரசு தந்த சான்றிதழ்தான் செல்லும். தலைமுறையாக இங்கே இருந்தும் பழைய தமிழ்நாட்டுச் சான்றிதழையே வைத்திருக்கும் குடும்பங்கள், பி.யூ.சி. ரிசல்டுக்குக் காத்திருக்காமல் முன்பே தாலுகா அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம், யூ.பி.எஸ்.சி. போன்ற மத்திய அரசு இடங்களுக்கு, உங்கள் மாநிலத்துக்கான மத்தியப் பட்டியலில் சாதி இருந்தால் அந்தச் சான்றிதழே போதும்.

தமிழ்நாட்டின் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 கிடைக்குமே என்றும் கேட்கிறார்கள். பெங்களூரில் பள்ளி படித்த பிள்ளைக்குக் கிடைக்காது. அவை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலும் படித்தவர்களுக்கானவை.

உதவித்தொகை என்னென்ன இருக்கு?

கர்நாடக மாணவர்களுக்கு மாநில ஸ்காலர்ஷிப் போர்ட்டல்தான் முதல் படி. விடுதி இடம் கிடைக்காத பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு வித்யாசிரி திட்டத்தில் மாதம் 1,500 வீதம் பத்து மாதம் தருகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் தம் போர்டில் மேல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000. அடிப்படை அறிவியல் பாடங்களின் பட்டியலில் ஜியாலஜியும் இருக்கிறது, பலர் இயற்பியல், வேதியியலுக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் ஜியாலஜி அல்லது ஜியோபிசிக்ஸ் முதுகலை சேர்ந்தால் ஓ.என்.ஜி.சி. உதவித்தொகை ஆண்டுக்கு 48,000 உண்டு, அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

ஐ.ஐ.டி.ல ஜியாலஜி இருக்காமே? நம்ம பசங்களுக்கு அதெல்லாம் கிடைக்குமா?

கிடைக்கும். இதைத்தான் நான் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வது. ஜே.இ.இ. எழுதாமலே, பி.எஸ்ஸி.க்குப் பிறகு ஜாம் தேர்வு எழுதி பாம்பே, கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேரலாம். தன்பாத்தில் மூன்று வருட எம்.எஸ்ஸி. டெக். இருக்கிறது. ஜியாலஜிக்கென்று ஜாமில் தனித் தாள் உண்டு. எம்.எஸ்ஸி.க்குக் கல்விக் கட்டணம் பி.டெக்.கை விட மிகவும் குறைவு. சாதாரண அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல தாவல் எனக்குத் தெரிந்து இல்லை.

பாம்பே ஐ.ஐ.டி. மாதிரி இடங்களில் பி.எஸ்ஸி. முழுக்க ஜியாலஜி படித்திருப்பதோடு, கணிதம், இயற்பியல், வேதியியல், புள்ளியியல், உயிரியல் இவற்றில் குறைந்தது இரண்டு படித்திருக்க வேண்டும் என்பார்கள். கூடப் படிக்கும் பாடத்தைக் கவனியுங்கள் என்று மேலே சொன்னது இதற்குத்தான். இரண்டாம் வருடக் கடைசியிலேயே தயாரிப்பைத் தொடங்கினால் பதற்றம் இல்லாமல் எழுதலாம்.

யூ.பி.எஸ்.சி.ல ஜியாலஜிஸ்ட் ஆகலாம்னு சொல்றாங்க. அது ஐ.ஏ.எஸ். பரீட்சையா?

இது வேறு. ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. ஜி.எஸ்.ஐ.க்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்கிறார்கள். வயது 21 முதல் 32, பிரிவுக்கு ஏற்பத் தளர்வு. எம்.எஸ்ஸி. கடைசி வருடத்திலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 200, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. பிப்ரவரியில் முதல்நிலை 400 மதிப்பெண், ஜூனில் முதன்மைத் தேர்வு 200 வீதம் மூன்று தாள், பிறகு 200 மதிப்பெண்ணுக்கு நேர்முகம். முதல்நிலைத் தேர்வைப் பெங்களூரிலேயே எழுதலாம். தேர்வானால் அடிப்படைச் சம்பளம் 56,100, அதற்கு மேல் அகவிலைப்படியும் மற்ற படிகளும்.

ஆனால் காலியிடங்களைப் பாருங்கள். 2021-இல் 40, 2022-இல் 192, 2023-இல் 285, 2024-இல் 56, 2025-இல் 85. ஜியாலஜி, ஜியோபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, நீரியல் எல்லாம் சேர்த்து நாடு முழுவதற்கும் இவ்வளவுதான். 2023-இல் எம்.எஸ்ஸி. முடித்தவருக்கும் 2024-இல் முடித்தவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது, வாய்ப்பில் ஐந்து மடங்கு வித்தியாசம். ஒரு துறையில் ஒரு வருடம் ஆறு பேர் தேறினார்கள், அடுத்த வருடம் ஒருவர் என்றால் துறை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இந்த ஒரு தேர்வை மட்டும் நம்பி நாலைந்து வருடம் வீட்டில் உட்கார்வதையும் நான் ஆதரிப்பதில்லை. ஏதாவது ஒரு வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள்.

அது வரலைன்னா வேற என்ன வழி?

கேட் தேர்வில் ஜியாலஜி, ஜியோபிசிக்ஸ் தாள் எழுதினால் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 கிடைக்கும். ஆராய்ச்சிக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000, வீட்டு வாடகைப்படி தனி. பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யில் புவி அறிவியல் மையம் இருக்கிறது.

தனியார் பக்கமும் கதவு திறந்திருக்கிறது. 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கனிமத் தேடலில் தனியார் நிறுவனங்களையும் அரசு அறிவித்துச் சேர்க்கிறது. 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற முக்கியக் கனிமத் திட்டத்துக்கு 16,300 கோடி ஒதுக்கி, 2030-31க்குள் 1,200 தேடல் பணிகளை ஜி.எஸ்.ஐ.யிடம் கொடுத்திருக்கிறார்கள். நம் பக்கத்து மண்டியாவிலேயே மர்லகல்லாவில் லித்தியம் பார்த்திருக்கிறார்கள், அளவு 1,600 டன்தான் என்றாலும் தேட ஆள் வேண்டும். இது போக நிலத்தடி நீர். பெங்களூரின் அடியில் கெட்டிப் பாறை, தண்ணீர் விரிசல்களில்தான் நிற்கும். 2024 கோடையில் போர்வெல்கள் வறண்டபோது நிலத்தின் மின்தடையை அளக்கும் ரெசிஸ்டிவிட்டி கருவி வைத்து, எங்கே துளை போடலாம் என்று பாயின்ட் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஓய்வே இல்லை.

நாலு வருஷ டிகிரியா, மூணு வருஷமா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

கர்நாடகத்தில் 2021-22 முதல் நான்கு வருட முறை வந்தது, 2024-25 முதல் திரும்ப மூன்று வருடத்துக்கு வந்துவிட்டார்கள். நடுவில் சேர்ந்தவர்களுக்குத்தான் குழப்பம். நான்கு வருட ஆனர்ஸ் முடித்தவர் 75 சதவீதம் எடுத்திருந்தால் நெட் எழுதலாம். ஆனால் முன் சொன்ன யூ.பி.எஸ்.சி. தேர்வுக்கு முதுகலைதான் வேண்டும், நான்காம் வருடம் அதை ஈடுகட்டாது.

பொண்ணுங்களை சுரங்கத்துக்குள்ள விடுவாங்களா?

விடுவார்கள். 2019 முதல் சுரங்கத்துக்கு அடியில் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாக வேலைகளில் பெண்களை வைக்கலாம் என்று விதி மாறியது. களத்தில் கழிப்பறை, தங்குமிடம் சரியாக இருக்கிறதா என்பதுதான் இன்றைக்கும் பெண்கள் படும் பாடு. வேலையில் சேரும் முன் அதைக் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். நிலத்தடி நீர், அடித்தள ஆய்வு, மைக்ராஸ்கோப் ஆய்வகம் எல்லாவற்றிலும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எங்க அப்பா கே.ஜி.எஃப். சுரங்கத்துல இருந்தவர். ஒரே நாள்ல மூடிட்டாங்க. மறுபடியும் அதே தொழில்ல பிள்ளையை விடவா?

இந்தக் கேள்விக்கு லேசாகப் பதில் சொல்ல முடியாது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடியதும் ஒரு தமிழ் ஊரே விடியற்காலை ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம், டன்னுக்குக் கிடைக்கும் தங்கமோ குறைந்துகொண்டே போனது, செலவு கட்டுப்படியாகவில்லை. அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் சுரங்கத் தொழிலாளியின் வேலை அந்த ஒரு சுரங்கத்தோடு கட்டப்பட்டிருந்தது. எம்.எஸ்ஸி. முடித்த ஜியாலஜிஸ்ட்டுக்கு அப்படியில்லை. ராய்ச்சூர் ஹட்டி தங்கச் சுரங்கத்தில் கற்றதை பல்லாரி இரும்புத் தாதுவுக்கும் மெட்ரோ சுரங்கப்பாதைக்கும் கொண்டுபோகலாம். கனிம விலை விழுந்தால் தேடல் வேலை சுருங்கும், அது உண்மை. அதனால்தான் தாது ஒன்றில் மட்டும் நிற்காமல் நீர் அல்லது அடித்தள ஆய்வில் ஒரு கையை வைத்திருக்கச் சொல்கிறேன்.

கன்னடம் பேசுவான், எழுத வராது. ஸ்டேட் கவர்மென்ட் வேலை கிடைக்குமா?

ரேஸ் கோர்ஸ் ரோடு கனிஜ பவனில் இருக்கும் மாநில சுரங்க, நிலவியல் துறைக்கு மாநிலத் தேர்வாணையமான கே.பி.எஸ்.சி. வழியாக ஆள் எடுக்கிறார்கள். அதற்குக் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். அங்கே வேண்டாம், டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறேன் என்றால் அங்கே தமிழ்த் தகுதித் தாள் இருக்கிறது, அதற்கும் தமிழ் படிக்கத் தெரிய வேண்டும். இரண்டு மொழியும் வாயில் மட்டும் இருக்கிற பிள்ளைகள் பி.எஸ்ஸி. முதல் வருடத்திலேயே ஏதாவது ஒன்றைக் கையால் எழுதிப் பழகட்டும்.

ரெண்டு யூனிவர்சிட்டியும் நல்லா பிளேஸ்மென்ட்னு சொல்றாங்க. எதை நம்புறது?

வேலைக்குப் போனவர்கள் பட்டியலை எல்லாரும் காட்டுவார்கள். நீங்கள் எண்ணிக்கையைக் கேளுங்கள். எம்.எஸ்ஸி.யில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் இரண்டு வருடம் கழித்து எத்தனை பேர் ஜியாலஜி சம்பந்தப்பட்ட வேலையிலோ ஆராய்ச்சியிலோ இருக்கிறார்கள்? இருபது பேர் சேர்ந்து பத்துப் பேர் முடித்து, அதில் எட்டுப் பேர் வேலையில் இருந்தால் ‘80 சதவீதம்’ என்பார்கள். சேர்ந்தவர்களில் பார்த்தால் அது 40. யூ.பி.எஸ்.சி. எண்கள் வருடத்துக்கு வருடம் தாவுவதால் ஒரு வருடத்தை வைத்துப் பார்க்காமல் மூன்று நான்கு வருடம் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு வழி, பி.எஸ்ஸி. கடைசி வருட மாணவர்கள் நாலு பேரைக் கேண்டீனில் பிடித்துப் பேசுவது. கடைசியாக எப்போது களத்துக்குப் போனீர்கள், ஜாமுக்கு யார் சொல்லித்தருகிறார்கள் என்று கேளுங்கள். சனிக்கிழமை போகாதீர்கள், வேலைநாளில் மதியம் போனால் ஆய்வகம் திறந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.